சாம்பல் வீரன் பச்சையான கதை

வர்ணந் தீட்டாது கோடுகளால் மட்டும் வரைந்த சித்திரத்தைப் பழந்தமிழர் 'புனையா ஓவியம்' என்றனர். எத்துணை பொருத்தமான பெயர்! உருவம் இருக்கிறது, கண்ணும் மூக்கும் கையும் காலும் இருக்கின்றன, ஆயினும் அஃது இன்னும் புனைந்து முடிக்கப்படவில்லை. அந்தக் கோட்டுருவத்துக்குத் தோலையும் சதையையும், வெயிலையும் நிழலையும் கொடுப்பது நிறத்தின் வேலை. நம் பிள்ளைகள் ஊணும் உறக்கமும் மறந்து வாசிக்கும் சித்திரக்கதைப் புத்தகங்களிலும் இதுவே நடக்கிறது. ஒருவர் பென்சிலால் வரைகிறார். இன்னொருவர் அதன்மேல் மையிடுகிறார். மூன்றாமவர் வர்ணந் தீட்டுகிறார். முதல் இருவரையும் உலகம் ஓரளவு அறியும். மூன்றாமவரைப் பற்றி விசாரிப்பார் குறைவு. அவரைப் பற்றியும், கணினியைக் கொண்டு அவர் இன்று செய்யும் வேலையைப் பற்றியும் இவ்வாரம் வாசகர்களோடு பேச விரும்புகின்றோம்.

பேச்சுக்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டுமல்லவா? அமெரிக்கச் சித்திரக்கதைகளிற் பெயர்பெற்ற 'ஹல்க்' என்னும் வீரனையே எடுத்துக்கொள்வோம்.

அச்சகம் மாற்றிய நிறம்

சினம் வந்ததும் மலைபோல் வீங்கி எழும் அந்தப் பச்சை வீரனைப் புத்தகத்திற் காணாத பிள்ளைகளும் திரைப்படத்திற் கண்டிருப்பர். ஆனால் அவன் பிறக்கும்போது பச்சையனல்லன். 1962ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரத்து மார்வெல் நிறுவனம் அவனது முதல் இதழை வெளியிட்டபோது அவன் சாம்பல் நிறத்தவனாகவே இருந்தான். கதை எழுதியவர் ஸ்டான் லீ. சித்திரம் வரைந்தவர் ஜாக் கேர்பி. வர்ணந் தீட்டியவர் ஸ்டான் கோல்ட்பேர்க். இருளிலே தோன்றி அச்சமூட்டும் ஓர் உருவத்துக்குச் சாம்பலே ஏற்றதென ஸ்டான் லீ கருதினார்.

இதழ் அச்சாகி வந்தது. ஓரிடத்தில் ஹல்க் வெளிர்சாம்பலாக இருந்தான்; வேறோரிடத்திற் கருஞ்சாம்பலாக இருந்தான்; இன்னோரிடத்திற் பச்சைச் சாயலும் தட்டியது. ஒரே ஆள் பக்கத்துக்குப் பக்கம் வேறு ஆளாகத் தோன்றினான். ஆகவே இரண்டாம் இதழிலே அவனைப் பச்சையாக்கிவிட்டனர். முதற் கதையை மறுபடி அச்சிட நேர்ந்த காலங்களிலும், நெடுநாள்வரை, அதிலும் அவனைப் பச்சையாகவே மாற்றி வெளியிட்டனர். உலகெங்கும் பிள்ளைகள் அறிந்த ஒரு வீரனின் மேனி நிறத்தைத் தீர்மானித்ததில் ஆசிரியருக்கும் ஓவியருக்கும் இருந்த பங்கைக் காட்டிலும் அச்சியந்திரத்துக்கு இருந்த பங்கு பெரிது எனலாம்.

ஏன் இவ்வாறு நேர்ந்தது? வர்ண அச்சுக்கு அடிப்படை நான்கு மைகள்: மஞ்சள், செந்நிறம், நீலம், கறுப்பு. ஏனைய நிறங்கள் யாவும் இவற்றை நுண்ணிய புள்ளிகளாக இட்டுக் கலந்து பெறுபவையே. அக்காலத்து மலிவுப் புத்தகங்களிற் கறுப்பு மை கோடுகளுக்கும் எழுத்துகளுக்குமே பெரும்பாலும் பயன்பட்டது. சாம்பல் வேண்டுமாயின் மற்ற மூன்று மைகளையும் மெல்லிதாய் ஒன்றன்மேல் ஒன்றாக இடவேண்டும். மூன்றும் சமனாக விழுந்தாற் சாம்பல். நீலமும் மஞ்சளும் சற்று மிகுந்தாற் பச்சை. செந்நிறமும் மஞ்சளும் மிகுந்தாற் கபிலம். மட்டமான கடதாசியில், விரைந்தோடும் இயந்திரத்தில், அந்தச் சமநிலையைப் பக்கந்தோறும் காப்பது அரிது. பச்சைக்கோ மஞ்சளும் நீலமும் போதும்; அவற்றில் ஒன்று சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் பச்சை பச்சையாகவே தெரியும். ஹல்க்கின் நிறமாற்றத்தில் இருந்த இரகசியம் இதுதான்.

அறுபத்து நான்கு நிறங்கள்

பல்லாண்டுகள் வழக்கிலிருந்த அந்த முறையின் கணக்கை மாணவர்கள் எளிதில் அறிந்துகொள்ளலாம். ஒவ்வொரு வர்ண மைக்கும் நான்கு நிலைகள் உண்டு: இல்லை, கால், அரை, முழு. மூன்று மைகளையும் பெருக்கிப் பார்த்தால் 4 × 4 × 4, ஆக 64. உலகத்தின் வானமும் கடலும், மனிதர் மேனியும், தீயும் புகையும் யாவும் இந்த 64 நிறங்களுக்குள் அடங்கவேண்டும்.

வர்ணக்கலைஞர் சித்திரத்தின் சிறிய பிரதி ஒன்றிலே நீர்போன்ற சாய வர்ணங்களைத் தூரிகையால் தீட்டி, ஒவ்வோரிடத்துக்கும் எந்த மை எத்தனை பங்கு என்று குறியீடு எழுதுவார். அதுவே வழிகாட்டித் தாள். அத்தாள் கனெற்றிகட் மாநிலத்துப் பிரிட்ஜ்போர்ட் போன்ற ஊர்களிலிருந்த தொழிற்கூடங்களுக்குச் செல்லும். அங்கே வரிசையாக அமர்ந்திருந்த தொழிலாளர்கள், அவர்களுட் பலர் பெண்கள், கண்ணாடிபோன்ற மெல்லிய தாள்களில் ஒவ்வொரு மையின் ஒவ்வொரு நிலைக்கும் உரிய இடங்களைக் கையால் நிரப்புவர். மூன்று மைகள், மும்மூன்று நிலைகள். எனவே ஒரு பக்கத்துக்கு ஒன்பது தாள்கள். அத்தனையும் புகைப்படமாகி, தகடாகி, பின்னரே அச்சேறும். இவர்களுடைய பெயர் எந்தப் புத்தகத்திலும் இடம்பெற்றதில்லை. வழிகாட்டித் தாளைத் தீட்டிய கலைஞரின் பெயருமே அக்காலத்திற் பெரும்பாலும் அச்சாவதில்லை. ஹல்க்கின் முதல் இதழிலும் கோல்ட்பேர்க்கின் பெயர் இல்லை.

ஆயினும் அந்தக் குறுகிய வட்டத்துள்ளும் பெருங்கலைஞர்கள் இருந்தனர். 1950களில் ஈ. ஸீ. நிறுவனத்தின் சித்திரக்கதைகளுக்கு வர்ணந் தீட்டிய மரீ செவரின் அம்மையார் அவர்களுள் ஒருவர். பின்னர் மார்வெல் நிறுவனத்தில் ஓவியராகவும் விளங்கிய அவர் 2018ஆம் ஆண்டிற் காலமானார். நிறங்கள் சிலவே இருந்தமையால், எந்த நிறத்தை எங்கே இடுவது என்னும் தேர்வே அக்கலைஞர்களின் கலையாய் அமைந்தது. இதை நினைவிற்கொண்டே மேலே செல்லல் வேண்டும்.

கணினி வந்த கதை

மாற்றத்தின் வாயிலைத் திறந்த நூல்களுள் முக்கியமானது யப்பானியக் கதையொன்று. கற்சுஹிரோ ஒற்றொமோ என்பார் 1982 முதல் வரைந்துவந்த 'அகிரா' என்னும் நெடுங்கதை அது. யப்பானிய வழக்கப்படி பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில் வந்த அக்கதையை மார்வெல் நிறுவனத்தின் 'எபிக்' பிரிவு 1988இல் ஆங்கிலத்தில் வெளியிடத் தொடங்கியபோது, அமெரிக்க வாசகருக்காக அதற்கு வர்ணம் ஊட்ட விரும்பியது. அப்பணிக்கு ஒற்றொமோவே தெரிந்தெடுத்த கலைஞர் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஸ்டீவ் ஒலிஃப். அவரும் அவருடைய குழுவினரும் கணினியைக் கொண்டு அப்பணியைச் செய்தனர். 38 இதழ்களாக வெளிவந்த அந்தத் தொடர், கணினியால் வர்ணந் தீட்டப்பட்ட முதற் தொடர் நூல்களுள் ஒன்றாகும். இரவு நகரத்தின் விளக்கொளியும், வெடித்தெழும் தீப்பிழம்பின் படிப்படியான நிறமாற்றமும் வாசகரை வியப்பில் ஆழ்த்தின.

1990இல் நோல் சகோதரர்கள் உருவாக்கிய 'போட்டோஷொப்' என்னும் மென்பொருள் விற்பனைக்கு வந்தது. 1994இல் அதனோடு அடுக்குகளும் சேர்ந்தன. ஒரு கண்ணாடித் தாளின்மேல் இன்னொன்றை வைப்பதுபோல, கோட்டை ஓர் அடுக்கிலும் நிறத்தை இன்னோர் அடுக்கிலும் நிழலை வேறோர் அடுக்கிலும் வைத்து, ஒன்றைத் தொடாமல் மற்றொன்றைத் திருத்தும் வசதி அது. அழுத்தத்துக்கேற்பத் தடித்தும் மெலிந்தும் கோடிடும் மின்பேனாவும் வரைபலகையும் துணைசெய்தன.

இன்று கணினித் திரையில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 256 நிலைகள். பெருக்கினால் 1,67,77,216 நிறங்கள் வருகின்றன. கோல்ட்பேர்க்கின் கையிலிருந்தவை 64. இன்று ஒரு பள்ளி மாணவனின் முன்னே கிடப்பவை ஒரு கோடியே அறுபத்தேழு இலட்சத்துக்கு மேல்! செல்வம் பெருகிவிட்டது, செலவிடும் விவேகம் பெருகிற்றா என்பதே கேள்வி.

வேலை தொடங்குகிறது

இனி, ஹல்க்கின் கோட்டுச்சித்திரம் ஒன்று நம் மேசைக்கு வந்திருப்பதாகக் கொள்வோம். பாலைவனம், மாலை நேரம், வீரன் முட்டியை ஓங்கி நிற்கிறான். பெரிய தாளில் மையால் வரைந்த அச்சித்திரத்தை ஸ்கேனர் கருவியால் கணினிக்குள் ஏற்றுகின்றனர். அமெரிக்கச் சித்திரக்கதைப் பக்கம் ஒன்று ஏறத்தாழ ஆறே முக்கால் அங்குல அகலமும் பத்தேகால் அங்குல உயரமும் உடையது. அங்குலத்துக்கு 400 புள்ளிகள் என்று கொண்டால், ஒரு பக்கத்தில் ஒரு கோடிக்கு மேற்பட்ட படப்புள்ளிகள் அமைகின்றன. அவை ஒவ்வொன்றும் என்ன நிறமாய் இருக்கவேண்டும் என்று முடிவுசெய்வதே வர்ணக்கலைஞரின் தொழில்.

முதலிற் கோட்டை மேலடுக்கில் வைத்து, அதனைப் 'பெருக்கல்' முறைக்கு மாற்றுவர். பெயருக்கேற்றவாறு இது பெருக்கற் கணக்கேதான். வெள்ளையை 1 என்றும் கருமையை 0 என்றும் கொள்க. கீழேயுள்ள நிறத்தை 1 ஆற் பெருக்கினால் அந்நிறமே நிற்கும். 0 ஆற் பெருக்கினாற் கருமையாகும். ஆகவே தாளின் வெண்மை மறைந்து, கறுப்புக் கோடு மட்டும் நிறத்தின்மேல் நிற்கின்றது.

அடுத்தது தட்டை நிறம் இடுதல். மேனி ஒரு நிறம், காற்சட்டை ஒரு நிறம், மயிர் ஒரு நிறம், மணல் ஒரு நிறம், வானம் ஒரு நிறம் என்று எல்லையிட்டு நிரப்புவர். இங்கே நிழலில்லை, அழகுமில்லை. ஓரங்கள் மங்காமல் வெட்டினாற்போல் இருத்தல் வேண்டும் என்பதே முக்கியம். அப்போதுதான் பின்னர் ஒரு சொடுக்கில் மேனியை மட்டும், அல்லது காற்சட்டையை மட்டும், தனியே பிடித்தெடுத்து வேலை செய்யலாம். பொறுமையை வேண்டும் இவ்வேலையைப் பல கூடங்களில் உதவியாளர்களிடம் விடுகின்றனர். வயலை உழுது பண்படுத்தியவன் பெயரை விளைந்த நெல் சொல்லாததுபோல, இவர்கள் பெயரும் பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை.

ஒளி எங்கிருந்து வருகிறது?

இதுவரை நடந்தது சிறுவர் வர்ணப்புத்தகத்துக்கு நிறம் ஊட்டுவது போன்ற வேலை. இனித்தான் கலை தொடங்குகிறது. கலைஞர் தமக்குத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய முதற் கேள்வி, "ஹல்க் என்ன நிறம்?" என்பதன்று, "ஒளி எங்கிருந்து வருகிறது? அதன் நிறம் யாது?" என்பதே.

நமது காட்சியில் மாலை வெயில் இடப்புறத்திலிருந்து சாய்வாக விழுகிறது என்க. வெயில் செம்மஞ்சள். அதிலே நீல ஒளி குறைவு. பச்சை மேனியில் அது படும்போது திரும்பி நம் கண்ணுக்கு வருவது தூய பச்சையன்று. மஞ்சள் கலந்த, முற்றிய மாங்காயின் நிறம். வெயில் படாத வலப்புறத்துக்கு ஒளி தருவது வானம். வானம் நீலம். ஆகவே அந்த நிழற்புறம் கரும்பச்சையாய் மட்டும் இராது. நீலமும் கலந்து நிற்கும். ஊதாக் காற்சட்டையும் அவ்வாறே: வெயிற்பக்கம் செங்கபிலமாகவும் நிழற்பக்கம் நீலமேறிய ஊதாவாகவும் மாறுகிறது. இவ்வாறு தீட்டிமுடித்த சித்திரத்திற் கலப்பற்ற 'ஹல்க் பச்சை' ஓரிரு இடங்களிலேதான் எஞ்சியிருக்கும். ஆனாற் பார்ப்பவர் எல்லாரும் அவனைப் பச்சை என்றே சொல்வர். நிழலுக்கு வெறுங் கறுப்பைக் கலப்பவரின் சித்திரம் அழுக்கேறியதுபோற் காண்பதும் இக்காரணத்தாலேயே.

அடுத்தது உருவத்தின் திரட்சி. ஒரு முட்டையைச் சாளரத்தின் அருகே வைத்து உற்றுநோக்குக. ஒளி நேரே படும் பகுதி. ஒளி சாய்வாய்ப் படும் இடைப்பகுதி. ஒளி எட்டாத தன்னிழல். மேசையிலிருந்து மீண்டு வந்து அந்நிழலின் ஓரத்தைச் சற்றே வெளுப்பாக்கும் எதிரொளி. மேசைமேல் விழும் நிழல். இந்த ஐந்தும் அங்கே உண்டு. ஹல்க்கின் மார்பும் தோளும் புயமும் ஒன்றோடொன்று ஒட்டிவைத்த முட்டைகளைப் போன்றனவே. ஒவ்வொரு தசைக்கும் இந்த ஐந்தையும் ஒரே ஒளியின் திசைக்கேற்ப அமைத்தால், தாளில் ஒட்டிக்கிடந்த உருவம் எழுந்து நிற்கும். செம்மணலில் நிற்பவனின் தாடையின் அடியிலும் கைகளின் அடியிலும் அந்த மணலின் சாயல் சிறிது ஏறுமாயின், அவன் அவ்விடத்தில் உண்மையாகவே நிற்கிறான் என்று நம் கண் நம்பும்.

பொருளுக்குப் பொருள் பளபளப்பும் வேறுபடும். வியர்த்த தோலிலே சிறிய, கூரிய ஒளிப்பொட்டுத் தோன்றும். பருத்தித் துணியில் அது பரந்து மங்கிவிடும். உலோகமோ சுற்றியுள்ளவற்றையே கண்ணாடிபோற் காட்டும். உயிருள்ள தோலுக்கு இன்னொரு தனித்தன்மையும் உண்டு. ஒளி அதனுள்ளே சிறிது ஊடுருவி வெளிவரும். நம் காதின் பின்னே விளக்கு இருந்தாற் காது மடல் சிவந்து தெரிவதும் அதனாலேதான். மனித முகத்தில் வெயிலும் நிழலும் சந்திக்கும் எல்லையில் மெல்லிய செம்மை இடுவது வர்ணக்கலைஞரின் வழக்கம்.

அயல் நிறத்தின் விளைவு

பிரான்ஸ் நாட்டிலே மிஷேல் செவ்ரல் என்னும் இரசாயன அறிஞர் இருந்தார். பாரிஸ் நகரத்துக் கோபெலின் நெசவுக்கூடத்தில் 1824 முதல் சாயப்பிரிவின் பணிப்பாளராய் விளங்கிய அவரிடம், கறுப்பு நூலின் சாயம் வலுவற்றது என்று முறைப்பாடு வந்தது. அவர் ஆராய்ந்தார். சாயத்திற் குறையில்லை. அந்நூலை எந்த நிற நூலுக்குப் பக்கத்தில் வைத்து நெய்தார்களோ, அந்த நிறமே கறுப்பை வலுவற்றதாகக் காட்டியது என்று கண்டார். நிறங்கள் அயலாரால் மாறித் தோன்றும் இவ்விதியை விளக்கி 1839இல் அவர் பெருநூல் ஒன்றை வெளியிட்டார்.

கணினியில் வர்ணந் தீட்டுவோர்க்கு இவ்விதி நாள்தோறும் வேண்டியது. பச்சை மேனியின் நடுவே இட்ட வெறுஞ் சாம்பல் சற்றுச் சிவந்து தோன்றும். இருளில் நிற்பவனின் கண்விழிக்குச் சாம்பல் இட்டாலே போதும். பார்ப்பவர் அதனை வெள்ளை என்றே கொள்வர். ஹல்க்கின் பச்சை ஓங்கித் தெரியவேண்டுமானால், அந்தப் பச்சையை மேலும் மேலும் கூட்டுவது பயன்தராது. அவன் பின்னேயுள்ள மணலையும் வானத்தையும் செம்மைப் பக்கமாய்ச் சற்று மங்கச்செய்தலே வழி. அயலாரை அடக்கினால் வீரன் தானே எழுவான்.

மிகுதியால் வந்த கேடு

கணினி வந்த புதிதில், 1990களில், இந்த அடக்கம் பலரிடம் இல்லாமற் போயிற்று. நிறத்தைப் படிப்படியாய் மாற்றுதல் ஒரு சொடுக்கில் இயன்றமையால், ஒவ்வொரு தசையும் பலூன்போற் பளபளத்தது. ஒவ்வொரு பொத்தானும் மின்னியது. பக்கத்தில் எதை முதலிற் பார்ப்பது என்று தெரியாமற் கண் தடுமாறியது. கதையை வாசிக்கும் கண்ணுக்கு வழிகாட்டுவதே நிறத்தின் முதற் கடமை என்பதை அவ்விதழ்கள் மறந்துவிட்டன.

தேர்ந்த கலைஞர்கள் இதற்கு ஓர் எளிய சோதனை வைத்துள்ளனர். தீட்டிய சித்திரத்தை அவ்வப்போது கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்ப்பர். நிறங்கள் நீங்கிய பின்னும் வீரன் தெளிவாய்ப் பிரிந்து நிற்கின்றானா? முகம் முதலிற் கண்ணில் படுகின்றதா? ஆம் எனின் வேலை சரி. இல்லையெனின், எத்தனை இலட்சம் நிறங்களைச் சேர்த்தாலும் பயனில்லை.

நிறம் மாறினாற் கதையின் சுவையே மாறும் என்பதற்கும் சான்று உண்டு. அலன் மூர் எழுத, பிறையன் போலண்ட் வரைந்த 'கில்லிங் ஜோக்' என்னும் பேட்மன் கதை 1988இல் வெளிவந்தது. அதற்கு வர்ணந் தீட்டியவர் ஜோன் ஹிக்கின்ஸ். செம்மஞ்சளும் ஊதாவும் இளஞ்சிவப்புமாய்க் கண்ணைக் குத்தும் அந்த நிறங்களிற் பித்தேறிய ஒரு களியாட்டத்தின் வெறி தெரிந்தது. 2008இல் போலண்ட் தாமே கணினியில் அந்நூல் முழுவதற்கும் மீண்டும் வர்ணந் தீட்டினார். நிறங்கள் அடங்கின, கடந்தகால நினைவுகள் கறுப்பு வெள்ளையாகி, இடையிடையே சிவப்பு மட்டும் தலைகாட்டியது. கோடுகள் பெரும்பாலும் அவையே, சொற்கள் அவையே. முன்னையதிற் பித்தும் பின்னையதில் துயரமும் மேலோங்குகின்றன. எது சிறந்தது என்று வாசகர் இன்றும் வாதிடுகின்றனர். இருவேறு நூல்களை வாசித்த உணர்வு எழுகிறது என்பதில் மட்டும் வாதமில்லை.

மீண்டும் அச்சகத்திலே

திரையில் எல்லாம் முடிந்த பின்னும், அச்சிடும் நூலாயின் அச்சகத்தின் ஆட்சி மீளவும் வருகிறது. திரையிலுள்ளது ஒளி, தாளிலுள்ளது மை. ஒளிகள் கூடக்கூட வெண்மை மிகும். மைகள் கூடக்கூடக் கருமை மிகும். ஆகவே திரையிற் காணும் சில நிறங்களை நான்கு மைகளால் ஒருபோதும் பெறவியலாது. அவற்றுள் முதன்மையானது எது தெரியுமா? கண்ணைப் பறிக்கும் ஒளிர்பச்சை! திரையில் ஹல்க்கை மரகதம்போல் ஒளிரச்செய்த இளங்கலைஞன், அச்சான தாளை வாங்கிப் பார்த்ததும் மனஞ்சோர்வான். அனுபவமுள்ளவர் தொடக்கத்திலேயே அச்சின் எல்லைக்குள் நிற்கும் நிறங்களைத் தெரிந்துகொள்வர்.

ஆயினும் 1962இல் இயலாதது ஒன்று இன்று இயலும். 2003இல் ஜெப் லோப் எழுதி டிம் ஸேல் வரைந்த 'ஹல்க்: கிரே' என்னும் தொடர் வெளிவரத் தொடங்கியது. அதன் பெயரே சாம்பல். அதற்கு வர்ணந் தீட்டியவர் மற் ஹொலிங்ஸ்வேர்த். ஏனைய மாந்தரும் பொருள்களும் தத்தம் நிறத்தில் நிற்க, அவர்களிடையே ஹல்க் மட்டும் மென்மையான சாம்பற் சாயல்களில் எழுகிறான். பக்கத்துக்குப் பக்கம் ஆள் மாறவுமில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு முன் அச்சகம் தர மறுத்த நிறத்தை அவன் ஒருவாறு மீளப் பெற்றான்.

யார் தீட்டியது?

1970களிலேதான் அமெரிக்க நூல்களில் வர்ணக்கலைஞரின் பெயரை அச்சிடும் வழக்கம் பரவலாயிற்று. அந்நாட்டுச் சித்திரக்கதையுலகின் பெருமைமிக்க ஐஸ்னர் விருதுகளில் வர்ணத்துக்கென ஒரு பரிசு 1992இல் ஏற்பட்டது. அதனை முதலிற் பெற்றவர் நாம் மேலே கண்ட ஸ்டீவ் ஒலிஃப். பெயரற்றிருந்த ஒரு தொழில் பெயர் பெறுவதற்கு இத்தனை காலம் சென்றது.

இன்றோ வேறொரு கேள்வி எழுந்துள்ளது. சில சொற்களைத் தட்டியதும் முழுச் சித்திரத்தையும் வர்ணத்தோடு தரும் இயந்திர அறிவு வந்துவிட்டது. இவ்வாறு பெற்ற படங்களைக் கொண்டு 'சார்யா ஒஃப் த டோன்' என்னும் சித்திரக்கதை நூல் ஒன்று அமெரிக்காவில் வெளிவந்தது. 2023ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் அதைப் பற்றித் தீர்மானித்தது: நூலின் எழுத்துக்கும், படங்களைத் தெரிந்து ஒழுங்குசெய்த முறைக்கும் உரிமை உண்டு, இயந்திரம் உண்டாக்கிய தனித்தனிப் படங்களுக்கு உரிமை இல்லை. மனிதனின் தெரிவும் முடிவும் இருக்குமிடத்திலேதான் ஆக்கியோன் என்னும் பெயர் நிற்கும் என்பது அதன் கருத்து.

இத்தீர்ப்பு வர்ணக்கலைஞரின் தொழிலை முழுதும் காத்துவிடும் என்று நாம் சொல்லமாட்டோம். விரைவையும் மலிவையும் மட்டும் நாடும் வெளியீட்டாளர் எக்காலத்தும் உளர். முன்னாளிற் பிரிட்ஜ்போர்ட் தொழிற்கூடங்களில் தாள் நிரப்பியோரின் வேலையைக் கணினி கொண்டுசென்றது. இன்று தட்டை நிறம் இடுவோரின் வேலையும் அவ்வாறே போகக்கூடும். ஆனால் மாலை வெயிலில் நிற்கும் இவ்வீரன் சினத்தோடு நிற்கின்றானா, தனிமையோடு நிற்கின்றானா, அதற்கேற்ற வானம் எது என்று எண்ணித் துணிபவர் ஒருவர் வேண்டும். 64 நிறங்களின் காலத்திலும் அதுவே கலையாய் இருந்தது. இன்றும் அதுவே கலை.

மாணவர்க்கும் பெற்றோர்க்கும்

இத்துறையில் விருப்பமுள்ள மாணவர்கள் விலையுயர்ந்த கருவி இல்லையே என்று ஏங்கவேண்டியதில்லை. 'கிறிற்றா' முதலிய மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அதற்கும் முன்னர், ஒரு பென்சிலும் ஒரு முட்டையும் ஒரு சாளரமும் போதும். காலையில் ஒருமுறை, நண்பகலில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை அம்முட்டையை வரைந்து பாருங்கள். பின்னர் மூன்று நிறங்களை மட்டும் கொண்டு ஒரு முழுச் சித்திரத்தைத் தீட்டிப் பாருங்கள். சுவரை வைத்துத்தான் சித்திரம் என்பார்கள். வர்ணக்கலைக்குச் சுவர், ஒளியை உற்றுநோக்கும் பழக்கமே.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளை நெடுநேரம் திரையின் முன் குனிந்திருப்பதைக் கண்டு வருந்துவது இயல்பே. ஆயினும், கண்டிப்பதற்கு முன்னர் அருகிற் சென்று, "இந்தப் படத்தில் வெயில் எந்தப் பக்கமிருந்து வருகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை விரலை நீட்டித் திசையைக் காட்டி, நிழல் ஏன் அவ்வாறு விழுகிறது என்றும் சொல்லுமாயின், அங்கே நடப்பது விளையாட்டு மட்டுமன்று, கல்வியும் நடக்கிறது. விடை தெரியாது விழித்தால், இருவருமாக முற்றத்துக்குச் சென்று மாமரத்தின் நிழலைச் சற்றுநேரம் பார்த்துவிட்டு வாருங்கள்.

அடுத்த முறை சித்திரக்கதைப் புத்தகம் ஒன்று வீட்டுக்கு வரும்போது, முதற் பக்கத்திலுள்ள பெயர்களையும் பிள்ளைகளோடு சேர்ந்து வாசியுங்கள். எழுதியவர் பெயருக்கும் வரைந்தவர் பெயருக்கும் கீழே, பெரும்பாலும் சிறிய எழுத்தில், வர்ணந் தீட்டியவர் பெயர் இருக்கும். அதையும் ஒருமுறை உரத்து வாசித்துவிட்டுக் கதைக்குச் செல்லுங்கள்.